லங்காஸ்டருக்கு அனுப்பிய கம்பளி

"அந்தக் காலைத் தூக்கு தாமார். கட்டிலோட காலைச் சொன்னேன், உங்கப்பன் காலை இல்ல," என்றாள் கெசியா.

தாமார் கட்டிலின் காலைப் பிடித்துத் தூக்கினாள். இருவருமாக அதை இழுத்துச் சன்னலை நோக்கித் திருப்பினார்கள். தரைப்பலகை கிறீச்சிட்டது. கட்டிலில் கிடந்த எலீஷா கண்ணைத் திறக்காமலே புன்னகைத்தார்.

"கரையை விட்டுக் கிளம்பியாச்சா?"

தாமார் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். கெசியா அவளைப் பார்த்தாள்.

"கட்டிலைத் திருப்புறோம் அப்பா. ஆறு தெரியணும்னு நீதான கேட்ட," என்றாள் தாமார்.

கெசியா தலையை ஆட்டினாள். அவள் பக்கத்துப் பண்ணை விதவை. அந்தப் பகுதியில் பிள்ளைப்பேறு பார்ப்பதும் அவள்தான், பிணம் கழுவுவதும் அவள்தான். சாகக் கிடக்கிறவனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்பது அவள் கட்சி. அவள் கட்சி மட்டுமல்ல. அவர்கள் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தார்கள். ஊரார் அவர்களைக் குவேக்கர்கள் என்றார்கள். அவர்கள் தங்களை நண்பர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். நண்பர்கள் எதன்மேலும் சத்தியம் செய்வதில்லை. சத்தியம் செய்து ஒன்றைச் சொன்னால், செய்யாமல் சொன்னதெல்லாம் என்ன என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் ஆமாம். இல்லை என்றால் இல்லை.

ப்ராண்டிவைன் ஆற்றிலிருந்து எழுந்த பனிமூட்டம் மேய்ச்சல் நிலத்தை மூடியிருந்தது. மாடுகளின் கால்கள் தெரியவில்லை. முதுகுகள் மட்டும் வெள்ளைமேல் மிதந்தன. சன்னல் கண்ணாடியின் உட்புறம் மூச்சுக் காற்று படிந்து, துளியாகத் திரண்டு, மெல்ல வழிந்தது. எலீஷா கண்ணைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாரும் வந்துட்டாங்களா?"

"யாரு அப்பா?"

"பிலடெல்பியா சட்டசபைக்காரங்க. அதோ நிக்கிறாங்களே."

"அது மாடு."

"ஓ." கொஞ்சம் யோசித்தார். "நான் பேசும்போது அவங்களும் இப்படித்தான் பாத்துட்டு நிப்பாங்க."

கெசியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு வெளியே போனாள். முற்றத்தில் பெரிய செப்புக் கொப்பரையில் ஆப்பிள் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. சாவு வரும் வீடானாலும் ஆப்பிள் காத்திருக்காது. அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் புகையும் இனிப்பு வாசனையும் அறைக்குள் வந்து பனியோடு கலந்தன.

தாமார் கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு நாளாக அவளும் சரியாகத் தூங்கவில்லை. எது வெளியே நடக்கிறது, எது கண்ணுக்குள் நடக்கிறது என்று அவ்வப்போது தடுமாறியது. ஒருமுறை அம்மா பால் பாத்திரத்தோடு கதவைக் கடந்து போனாள். அம்மா ஃபீபி இறந்து மூன்று வருஷமாகிறது. தாமார் திரும்பிப் பார்த்தபோது நடையில் ஈரமான கால் தடம்கூட இருந்தது. கெசியாவுடையதாக இருக்கும்.

அப்பா நண்பர்கள் சபையில் பிறந்து வளர்ந்தவர். சாயமில்லாத கோட்டு, எல்லோருக்கும் ஒரே 'நீ'. கவர்னரையும் நீ என்றுதான் கூப்பிட்டார். அந்தத் துணிச்சல் பிடித்துப்போய்த்தான் மாவட்டத்தார் அவரைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். பிறகு இங்கிலாந்து ராஜாவோடு விடுதலைப் போர் வந்தது. நண்பர்கள் எந்தப் போரிலும் சேர்வதில்லை. எலீஷா சட்டசபையில் எழுந்து, படை திரட்ட வேண்டும் என்று பேசினார். பேசியதோடு நிற்காமல் தம் கையாலேயே ஆட்களைத் திரட்டினார். சபை இரண்டு பேரை அவரிடம் அனுப்பியது. அவர்கள் அடுப்பருகே உட்கார்ந்தார்கள். ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மறுபடி வந்தார்கள், மறுபடி பேசவில்லை. கடைசியில், அவர்கள் முதல் நாள் என்று சொல்லும் ஒரு ஞாயிறு காலை, வழிபாடு முடிந்ததும், எலீஷா இனி நம்மில் ஒருவன் அல்ல என்று சபையில் வாசித்தார்கள்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு முதல் நாளும் அவர் அம்மாவை வண்டியில் அழைத்துவந்து சபை வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். வழிபாட்டுக்கு உள்ளே வரத் தடையில்லை. அவர்தான் வரவில்லை. வெளியே குதிரையோடு நின்றார். உள்ளே எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருக்கும்போது, சுவருக்கு அப்பால் அவர் குதிரையிடம் வரிவிதிப்பைப் பற்றிப் பேசுவது கேட்கும். "பாவம், அதுக்கு எதிர்த்துப் பேசத் தெரியாது," என்று அம்மா பிறகு சொல்லுவாள்.

இதையெல்லாம் சபை ஒருநாள் மறந்திருக்கும். ஏனோஸைத்தான் மறக்க முடியவில்லை.

ஏனோஸ் அம்மாவின் அண்ணன் ஓபதியாவின் ஒரே மகன். புதிய அரசுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று ஒவ்வோர் ஆண்மகனும் சத்தியம் செய்ய வேண்டும் என்று போர் நடுவில் ஒரு சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்தவர்களில் எலீஷாவும் ஒருவர். ஏனோஸ் சத்தியம் செய்ய மாட்டேன் என்றான். விசுவாசமாக இருக்கிறேன், ஆனால் சத்தியம் என்ற வார்த்தை என் வாயில் வராது என்றான். அவனை லங்காஸ்டர் சிறையில் போட்டார்கள். அது குளிர்காலம். எலீஷா அவனை வெளியே கொண்டுவர அலைந்தார். அதற்குள் குளிருமே என்று கட்டிலில் கிடந்த தடித்த கம்பளியை உருவிச் சுருட்டி, லங்காஸ்டர் பக்கம் போகும் வண்டியில் கொடுத்தனுப்பினார். புது வருஷம் பிறப்பதற்குள் சிறைக் காய்ச்சலில் ஏனோஸ் இறந்துபோனான்.

உடலைப் பார்க்கப் போன ஓபதியா, திரும்பி வரும் வழியில் இந்த வீட்டு அடுப்படிக்கு வந்தார். "வைக்கோல்மேல கிடந்தான். மேல ஒரு துணி இல்ல," என்று தங்கையிடம் சொன்னார். மாவு பிசைந்துகொண்டிருந்த தாமாரும் அதைக் கேட்டாள். கம்பளியை வழியில் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கேட்கவில்லை.

பனி கொஞ்சம் விலகியபோது கேப்டன் லார்க்கின் வந்தார். குதிரையை வேலியில் கட்டிவிட்டு, பூட்ஸ் சேற்றை வாசலில் நெடுநேரம் தேய்த்துவிட்டு உள்ளே வந்தார். அவர் நண்பர் அல்ல. அயர்லாந்திலிருந்து வந்த வேறு சபைக்காரர். எலீஷா திரட்டிய படைக்குத் தலைவராக இருந்தவர். பெரிய உடம்பு, சட்டென்று கலங்கும் கண்.

"ஐயா, எப்படி இருக்கீங்க?"

"நீ பாக்குற மாதிரிதான்," என்றார் எலீஷா. இப்போது அவர் தெளிவாக இருந்தார்.

"இருபது பேர் தயாரா இருக்காங்க ஐயா. எங்க சர்ச் தோட்டத்துல மேட்டுல நல்ல இடம். கல் வெட்டச் சொல்லிடுறேன். பேரு, சட்டசபை உறுப்பினர், எல்லாம் போட்டு. குழியில வைக்கும்போது துப்பாக்கி மரியாதை…"

"நீ சுட்டா என் மாடெல்லாம் மிரண்டு ஆத்துல விழும்."

"ஐயா."

"ஃபீபி பக்கத்துல போடச் சொல்லு."

கேப்டன் தாமாரைப் பார்த்தார். "அவங்க இடம் குடுக்க மாட்டாங்களே ஐயா. உங்களைத்தான் விலக்கிட்டாங்களே."

"குடுப்பாங்க. ஒரு வார்த்தை சொன்னாப் போதும். செஞ்சது தப்பு, வருத்தப்படுறேன். அவ்வளவுதான்."

"அப்ப ஒரு கூட்டம் போட்டு, ஆளுங்ககிட்டப் பேசி, ஓட்டு எடுத்தா…"

எலீஷா சிரித்தார். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் உலுக்கியது. தாமார் முதுகைத் தாங்கிப் பிடித்தாள்.

"அங்க ஓட்டே கிடையாது லார்க்கின். எல்லாரும் உக்காந்திருப்பாங்க. ஒருத்தன் மனசுல சரின்னு படலைன்னாலும் காரியம் நடக்காது. சட்டசபைல கத்துறவன் ஜெயிப்பான். இங்க பேசாம உக்காந்திருக்கிறவன் ஜெயிப்பான்." மூச்சு வாங்கினார். "அந்த ஒருத்தன் ஓபதியா."

தாமார் கேப்டனோடு முற்றம்வரை போனாள். கெசியா கூழைக் கிளறிக்கொண்டே, "என்னப்பா லார்க்கின், சுடறதுக்கு ஆள் கிடைக்கலைன்னு இங்க வந்தியா?" என்றாள்.

"பாருங்க தாமார்ம்மா, இந்த மாவட்டத்துல என்னை நீன்னு கூப்பிடுறது உங்க ஆளுங்கதான்."

"நீ ஒருத்தன்தானே? நீங்கன்னு சொல்ல கூட யாரு இருக்கா?"

கேப்டன் சிரிக்கவில்லை. குதிரையின் பிடரியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "உங்க மாமா இருக்கிற இடத்துக்கு நான் வரக் கூடாதும்மா. ஏனோஸைக் கூட்டிட்டுப் போனது நான்தான். உத்தரவு. என்னைப் பாத்தா அவர் ரோட்டை விட்டு வயல்ல இறங்கி நடப்பாரு. நானும் அப்படித்தான். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வயல்ல இறங்கி நின்ன நாளும் உண்டு."

அவர் போனதும் தாமார் கெசியாவின் கையிலிருந்து துடுப்பை வாங்கிக் கிளறினாள். கூழ் பழுப்பாகத் திரண்டு, குமிழிட்டு உடைந்தது.

"மாமா வருவாரா?" என்றாள்.

"சொல்லியனுப்பியிருக்கு. உங்கப்பன் அந்த வார்த்தையைச் சொல்லுவானா, அதைச் சொல்லு."

தாமார் கிளறிக்கொண்டே இருந்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில் அப்பா. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். சபை வீட்டுக்குப் பின்னால், கல்சுவருக்குள், பெயரோ கல்லோ இல்லாத புல்தரையில் அம்மா கிடக்கிறாள். அங்கே எல்லோரும் அப்படித்தான் கிடக்கிறார்கள். அப்பாவை மேட்டில், கல்லுக்குக் கீழே, துப்பாக்கிச் சத்தத்தோடு தனியாகப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுக்க அவளால் முடியாது.

ஓபதியா மதியத்துக்குப் பிறகு நடந்தே வந்தார். மெலிந்து உயர்ந்த மனிதர். கட்டிலின் தலைமாட்டில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தாமார் பின்னல் ஊசிகளோடு சுவரோரம் இருந்தாள்.

அறையில் மௌனம் ஏறியது. நண்பர்களின் மௌனம் அவளுக்குப் பழக்கம். வெள்ளம் வீட்டுக்குள் வருவது போல அது வரும். முதலில் கால், பிறகு முழங்கால். பிறகு தலைக்குமேல் போய்விடும், ஆனால் மூச்சு முட்டாது. கொப்பரையின் கொதிப்புச் சத்தம் எங்கோ மேலே, நீருக்கு வெளியே கேட்டது. எலீஷாவின் கை போர்வைமேல் கிடந்தது. ஓபதியாவின் கை முழங்கால்மேல் கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் வெளிச்சம் மெல்ல நகர்ந்தது.

"மச்சான்," என்றார் எலீஷா.

"இருக்கேன்."

"எப்ப வந்த?"

"வந்து நேரமாச்சு." ஓபதியா முன்னால் குனிந்தார். "எலீஷா, என் தங்கச்சி பக்கத்துல உனக்கு இடம் வேணும்னு கேட்டியாம். ஒரு வார்த்தை சொல்லு. நான் எடுத்துட்டுப் போறேன். நான் போய்ச் சொன்னா மறுபேச்சு இருக்காது."

எலீஷா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போர் தப்புன்னு என்னால சொல்ல முடியாது மச்சான். எனக்கு அப்படித் தோணல. தோணாததைச் சொன்னா அதுவும் பொய்தானே? நீயே ஒத்துக்க மாட்ட."

"சட்டம்?"

"சட்டமும் வேண்டியிருந்தது. அப்ப வேண்டியிருந்தது." கண்ணை மூடினார். "ஏனோஸ் செத்தது தப்பு. ரெண்டையும் ஒரே வாயால எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. ரொம்ப நாளா யோசிச்சுப் பாத்துட்டேன்."

ஓபதியா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. தாமாரின் ஊசிகள் நின்றிருந்தன. அவ்வளவுதான், முடிந்தது என்று அவள் நினைத்தாள். மாமா எழுந்து போவார். மேடும் கல்லும் துப்பாக்கியும்தான்.

ஆனால் அவர் எழவில்லை. மௌனம் திரும்பி வந்தது. தாமார் அதில் கண் செருகினாள். சன்னலுக்கு வெளியே மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றின்மேல் நடந்து போயின. அம்மா கரையில் நின்று அவற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"ஏனோஸ்."

தாமார் விழித்துக்கொண்டாள். அப்பாதான். அவர் கண்கள் திறந்திருந்தன. அவை ஓபதியாவின் முகத்தில் நிலைத்திருந்தன. ஆனால் ஓபதியாவைப் பார்க்கவில்லை. வாசலில் யாரோ இளம்பிள்ளை வந்து நிற்பதைப் பார்ப்பது போலிருந்தது.

"ஏனோஸ், உள்ள வாப்பா. கதவைச் சாத்து. குளிருது."

ஓபதியா அசையவில்லை.

"கம்பளி அனுப்பினேனே. குடுத்தாங்களா?"

முற்றத்தில் கெசியா துடுப்பைக் கொப்பரை விளிம்பில் தட்டினாள். அப்பா காத்திருந்தார். வாக்கெடுப்பு முடிவுக்குக் காத்திருப்பது போல, கழுத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்.

"குடுத்தாங்க," என்றார் ஓபதியா.

"வந்து சேந்துச்சா?"

"சேந்துச்சு."

"தடிச்ச கம்பளி. உங்கத்தை நெய்தது."

"ஆமா. தடிச்சதா இருந்துச்சு."

"ராத்திரில குளிரலையே?"

ஓபதியா கட்டில்மேல் குனிந்தார். அறுபது வயது மனிதர், தன் வயதே ஆன அந்த மனிதரை நோக்கி, பையனின் மெல்லிய குரலில் சொன்னார்:

"குளிரல மாமா."

எலீஷாவின் கழுத்து தலையணைக்குத் திரும்பியது. "அப்ப சரி," என்றார்.

ஓபதியா எழுந்தார். நாற்காலியை இருந்த இடத்தில் திரும்ப வைத்தார். கதவுவரை போய், நிலையைப் பிடித்துக்கொண்டு, தாமாரைப் பார்த்தார். அவள் பார்த்தாள் என்று அவருக்குத் தெரிந்தது. அவளுக்கு என்ன தெரியும் என்பதும் தெரிந்தது. வெளியே போய்விட்டார். கெசியா பின்னாலிருந்து, "கூழ் கொஞ்சம் எடுத்துட்டுப் போ ஓபதியா," என்று கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை.

சாயங்காலம் ஆற்றிலிருந்து பனி மறுபடி எழுந்தது. அது மாடுகளின் முதுகை மூடும் நேரத்தில் எலீஷா இறந்துபோனார். தாமார் அப்போது கூழைச் சாடிகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கெசியாதான் வந்து அவள் தோளைத் தொட்டாள். "முடிஞ்சது புள்ள," என்றாள். தாமார் கையிலிருந்த சாடியை நிரப்பி, துணி கட்டி, வரிசையில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை சபையின் மூத்தவர்கள் தாமாரின் அடுப்படியில் கூடினார்கள். உடல் பக்கத்து அறையில் இருந்தது. கூட்டத்தை நடத்துகிற சபை எழுத்தர் சீலாஸ் மாவு மில்காரர், புருவத்தில் எப்போதும் மாவு ஒட்டியிருக்கும். கெசியா, இன்னும் மூன்று நான்கு பேர். ஓபதியா சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தாமார் பக்கம் அவர் திரும்பவில்லை.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். பிறகு சீலாஸ் கேட்டார்.

"தாமார், உங்கப்பா ஏதாவது வார்த்தை சொன்னானா? வருத்தம்னு ஏதாவது?"

தாமார் சபையில் ஒருமுறைகூட வாய் திறந்தவளல்ல. இப்போது ஒரே ஒரு ஆமாம் போதும். அப்பா பேசியபோது அறையில் அவளையும் மாமாவையும் தவிர யாரும் இருக்கவில்லை. மாமா மறுத்துச் சொல்வாரா? சொல்ல மாட்டார் என்று தோன்றியது. நேற்று அவர் சொன்னது மட்டும் என்ன? ஒரு ஆமாம். மதியத்துக்குள் அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பார்.

அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லல," என்றாள். "போர் தப்புன்னு சொல்லல. சட்டம் தப்புன்னும் சொல்லல. ஏனோஸ் செத்தது தப்புன்னு சொன்னார்." மேசை விளிம்பை விடவில்லை. "அப்புறம் நினைவு தப்பிடுச்சு. ஏனோஸுக்குக் கம்பளி கிடைச்சுதான்னு கேட்டார்."

கெசியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரைக் கேட்டான்?" என்றார் சீலாஸ்.

தாமார் தலையைக் குனிந்துகொண்டாள். அதை அவள் சொல்ல முடியாது. பொய் சொல்லாமல் இருக்கலாம். சொல்லாமலும் இருக்கலாம்.

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது. மௌனம் நீண்டது. முதலில் அது கேள்விக்குப் பதில் இல்லாத மௌனமாக இருந்தது. பிறகு வேறாக மாறியது. அந்த மாற்றத்தை எல்லோரும் உணர்ந்தார்கள். சீலாஸ் மறுபடி கேட்கவில்லை.

ஓபதியா எழுந்து நின்றார்.

"என்னைக் கேட்டான்," என்றார். "என்னை என் மகன்னு நினைச்சுக் கேட்டான். கிடைச்சுதுன்னு சொன்னேன். கிடைக்கல. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சே சொன்னேன்."

யாரும் அசையவில்லை.

"ஒருதடவை இல்ல. அவன் கேக்கக் கேக்கச் சொன்னேன். தடிச்ச கம்பளின்னு சொன்னேன். குளிரலைன்னு சொன்னேன். என் மகன் ஒரே ஒரு வார்த்தை வாயில வராதுன்னுதான் அந்த வைக்கோல்ல போய்ப் படுத்தான். அவன் குரல்லயே நான் பொய் சொல்லிட்டேன்."

சீலாஸ் தொண்டையைச் செருமினார். எழுத்தராக அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. யார் தவறு செய்து எழுந்து நின்றாலும் கேட்கிற கேள்வி. எலீஷாவிடம் பல வருஷங்களுக்கு முன் கேட்ட அதே கேள்வி.

"செஞ்சதுக்கு வருத்தப்படுறியா ஓபதியா?"

ஓபதியா வெகுநேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்பது தெரிந்தது. உள்ளே போய்த் தேடிப் பார்த்துவிட்டு வருகிற முகம்.

"படணும்னுதான் பாக்குறேன்," என்றார். "ராத்திரி முழுக்கப் பாத்தேன். வரல."

சொல்லிவிட்டுச் சுவரோரப் பெஞ்சுக்குத் திரும்பவில்லை. கதவருகே போய் நின்றுகொண்டார்.

"எலீஷாவை உள்ள விடலாமா வேண்டாமான்னு சொல்ற இடத்துல நான் இல்ல. இனிமே மூத்தவனா உங்களோட முன் பெஞ்சுல உக்கார்ற இடத்துலயும் இல்ல. நீங்க பாத்துக்கங்க."

சீலாஸ் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அடுப்படியில் யாருக்கும் எதிர்ப்பில்லை என்பது, மழைக்கு முன் காற்றில் ஈரம் ஏறுவது போல, கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவந்தது. அவர் அதைப் பொறுமையாக எடுத்துக்கொண்டார்.

"அப்ப குழி வெட்டச் சொல்லலாம்," என்றார்.

ஃபீபி கிடக்கும் இடத்தைக் கெசியா காட்டினாள். வெட்டும்போதே தூறல் தொடங்கிவிட்டது. பிற்பகலில் நண்பர்கள் வந்தார்கள். யாரும் கறுப்பு உடுத்தவில்லை. அன்றாடச் சாம்பல் நிறமும் பழுப்பும்தான். அலங்காரமில்லாத பெட்டியை ஆறுபேர் தூக்கி வந்து குழிக்கு அருகே இறக்கினார்கள். பாட்டில்லை, வாசிப்பில்லை. எல்லோரும் சுற்றி நின்றார்கள். நனைந்த மண்ணின் வாசனை வந்தது. வெட்டிய பக்கத்தில் சின்ன வேர்கள் வெள்ளையாகத் தொங்கின. அந்த மண் சுவருக்கு அப்பால்தான் அம்மா இருப்பதாகத் தாமாருக்குத் தோன்றியது. அப்பா வண்டியை ஓட்டிக்கொண்டு மெதுவாக, அவசரமில்லாமல், வந்து சேர்ந்துவிட்டது போல இருந்தது.

மௌனத்தில் தலை நிமிர்த்தியபோதுதான் வாசலைக் கவனித்தாள்.

கல்சுவரின் கதவு திறந்திருந்தது. மூத்தவர்கள் குழியின் தலைமாட்டில் நிற்க, ஓபதியா அவர்களோடு நிற்காமல் எல்லோருக்கும் பின்னால், கதவையொட்டி நின்றுகொண்டிருந்தார். வெளியே, பாதையில், கேப்டன் லார்க்கின் தனியாக நின்றார். ஆட்களைக் கூட்டிவரவில்லை. துப்பாக்கியும் இல்லை. உள்ளே வரலாமா என்று தெரியாமல் கையைப் பிசைந்தார். இறங்கி நடக்க அங்கே வயலும் இல்லை. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் முள்வேலி.

ஓபதியா அவரைப் பார்த்தார். பிறகு குழியின் பக்கம் திரும்பிக்கொண்டு, ஓரடி நகர்ந்தார்.

கேப்டன் உள்ளே வந்து அந்த இடத்தில் நின்றார். அது இரண்டு பேருக்குப் போதாத இடம். தோளும் தோளும் ஒட்டியிருந்தன. கேப்டன் தம் சபை வழக்கப்படி தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார். அவரது வழுக்கைத் தலை நனைந்தது. நண்பர்கள் மனிதர் யாருக்காகவும் தொப்பி கழற்றுவதில்லை. ஓபதியாவின் தொப்பி அகன்ற விளிம்புள்ளது. அதில் தேங்கிய மழைநீர் சொட்டுச் சொட்டாகக் கேப்டனின் தோளில் விழுந்துகொண்டிருந்தது. கேப்டன் நகரவில்லை.